கதிரை, தோணி

இறால் கோது வாங்கத்தான் முதலில் போனேன்.
ஏறாவூர்ச் சந்தை, காலை ஆறரை, கையில் பொலித்தீன் பை.
"கோதுக்கு ஆரும் காசு தாறதா, டொக்டர்? அள்ளிட்டுப் போங்க"
என்றார் ஆதம்லெவ்வை.
அப்போது நான் டொக்டர் இல்லை.
வந்தாறுமூலையில் தற்காலிக விரிவுரையாளர்,
சம்பளம் மூன்று மாதம் பின்னால்.

வாவிச் சேற்றில் ஒரு பற்றீரியா இருந்தது.
அது கோதைத் தின்றது.
எதனால் தின்கிறது என்பது கேள்வி.
பதிலுக்கு இருபத்தொன்பது வருடம்.

கோதின் பெயர் கைற்றின்.
நீரில் கரையாது, கொதித்தாலும் கரையாது,
காகமும் கொத்திப் பார்த்து விட்டுவிட்டுப் போகும்.
அதை ஒரு நொதியம்
அவசரமில்லாமல், நுனியில் தொடங்கி,
இரண்டிரண்டு வெல்லமாக நறுக்கிக்கொண்டே நகரும்.

தூய்மையாக்க மூன்று வருடம்.
கரண்ட் இல்லாத நாட்களில் மரத்தூள் ஒட்டிய கட்டி ஐஸ்.
மையநீக்கி சுழலாமல் நின்ற கிழமை
டச்பாரிலிருந்து ஒஸ்மண்ட் செல்லர் வந்தார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்,
"ஜெர்மன்காரன் செஞ்சதா? திருகாணி எங்கட ஆள் போட்டமாதிரிக் கிடக்கு."
அரைநாளில் சுழன்றது.
காசு வாங்கவில்லை. நத்தாருக்கு
எனக்குக் கேக் அனுப்பினார்.

நாலு பாகையில் பளிங்கு வரவே இல்லை.
எழுநூற்று இருபது துளி,
எல்லாவற்றிலும் கஞ்சிபோல ஒரு கலங்கல்.
ஒரு மே மாதம் நான்கு நாள் கரண்ட் போனது.
ஐந்தாம் நாள் கதவைத் திறந்தேன்,
அறை முப்பத்திரண்டு பாகை,
ஒரே ஒரு துளிக்குள்
உப்புக்கல்லிலும் சின்னதாய், விளிம்பு வைத்து,
ஏழு.
இல்லாத கரண்டுக்கு
யாரிடம் போய் நன்றி சொல்வது?

பிளாஸ்கில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனேன்.
வெலிகந்தையில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள்.
திறக்கச் சொன்ன பொடியனுக்கு இருபது வயதிருக்கும்.
திறக்கக் கூடாது என்றேன், என் சிங்களம் இடறியது.
அவன் காதருகே வைத்து
ஆட்டிப் பார்த்தான்.
ஏழில் நான்கு உடைந்தது.

மிச்சம் மூன்றிலிருந்து படம் வந்தபோது
வேறொரு நாட்டில் வேறொரு குழு
அதே நொதியத்தின் உறவுக்காரனை வெளியிட்டு
ஆறு கிழமை ஆகியிருந்தது.
இரண்டு நாள் கம்பஸ் பக்கம் போகவில்லை.
கல்லடி வீட்டில்
தோய்த்த உடுப்பையே திரும்பத் தோய்த்தேன்.

பிறகுதான் இருநூற்றுப் பதினோராம் இடத்தில் கைவைத்தேன்.
அங்கே ஒரு குளூட்டமிக்கமிலம்.
ஓர் ஒட்சிசனை எடுத்து
ஒரு நைதரசனை இருத்தினேன்.
நாலாயிரம் அணுவில் ஒன்று.
நொதியம் கோதைப் பிடித்தது,
வெட்டவில்லை.
பிடித்த கை பிடித்தபடி நிற்க,
அப்படியே பளிங்கானது.

சும்மா இருக்கும்போது வெல்ல வளையம் கதிரை வடிவம்,
முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும்.
இந்தக் கைக்குள் அது கதிரையாக இல்லை.
இரு முனையும் நிமிர்ந்து
நடு தாழ்ந்து
தோணி.
வெட்டு விழமுன் வளைகிற வளைவு.
ஏவற்சக்தி, ஏவற்சக்தி என்று
வருடா வருடம் கரும்பலகையில் நான் கீறிய மலையின் உச்சியில்
ஒரு தோணி ஏறி நின்றிருக்கிறது,
நான் ஒருநாளும் கீறியதில்லை.

அச்சடித்த படத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனேன்.
ஆதம்லெவ்வை ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.
"ஒரு ஆளும் ஏற ஏலாதே இதுல."
படத்தைத் திருப்பித் தந்தார்.
"கோது இப்ப கிலோ அறுபது, டொக்டர்.
கோழித் தீனுக்கு வாங்க வாறாங்க."

ஓய்வுக்குப் பதினொரு நாள் இருந்தது.
இரண்டு கிலோ போடச் சொன்னேன்.